வெள்ளைக் காட்டுப் பூக்களில் கிரைனத்தையும் பாங்கிரேஷியத்தையும் பிரித்தறிவது எப்படி?

மும்பை போரிவலி தேசியப் பூங்காவில் மழைக்காலத்தில் மலரும் வெள்ளைப் பூ கிரைனமா, பாங்கிரேஷியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கிழங்கிலிருந்து வளரும் செடிகளின் பேரினங்கள். நிறத்தை விட்டுவிட்டு மகரந்தக் கம்பிகளின் அடிப்பகுதியைப் பாருங்கள்: அவை மெல்லிய சவ்வால் இணைந்து கிண்ணமாக அமைந்திருந்தால் அது பாங்கிரேஷியம், ஆறும் தனித்தனியே நின்றால் கிரைனம். கிரைனத்துக்குள் இனம் பிரிக்க இதழின் அகலமும் பூக்குழலின் வளைவும் முதல் தடயங்கள். அகன்ற இதழ்களின் நடுவே இளஞ்சிவப்புப் பட்டையும் வளைந்த குழலும் கொண்டு புனல் வடிவில் விரிவது கிரைனம் லாட்டிஃபோலியம், குறுகிய இதழ்களும் நேரான குழலும் இருந்தால் வேறு இனம்.

குடியிருப்புத் தோட்டங்களில் வளர்க்கப்படும் அமெரிக்க ஹைமனோகாலிஸுக்கும் அதே கிண்ணம் உண்டு என்பதால், ஐயம் எழுந்தால் காய் முற்றும்வரை பொறுத்திருப்பதே நல்லது: அதன் விதை பச்சையாய்ச் சதைப்பற்றுடன் இருக்கும், பாங்கிரேஷியத்தின் விதையோ கருமையானது. தயவுசெய்து கிழங்கைத் தோண்டாதீர்கள். பூவைப் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்தால் போதும்.