வடசென்னையில் பிளஸ் டூ மாணவருக்கு வழிகாட்டியாக இருக்க விரும்புபவர் என்ன செய்ய வேண்டும்?

பாடம் சொல்லித் தருவதைக் காட்டிலும், வீட்டில் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைக்கு விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு ஆகியவற்றில் உடன் நிற்பதே முதல் வேலை என்பேன். ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்றிருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்குத் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் தாய்மார் விடியுமுன்னே கிளம்பிவிடுவதால், அவர்களை மாலையில் சந்தித்து, அனுமதி பெற்ற பிறகே பிள்ளையிடம் பேசத் தொடங்குங்கள். சந்திப்பு நூலகம் போன்ற பொது இடத்திலேயே நடக்கட்டும். துன்புறுத்தலைப் பற்றிப் பிள்ளை வாய் திறந்தால், ரகசியம் காப்பதாக வாக்களிக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ உடனே அழையுங்கள்.