பிரேக் பெடல் கல்லா, பஞ்சா?

கேள்வி: எஞ்சின் ஓடும்போதே பெடல் கல்லு மாதிரி இருக்கு. பூஸ்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமா அண்ணே?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பூஸ்டர்ங்கிறது வேக்குவத்தோட (வெற்றிடத்தோட) உறிஞ்சல்ல உங்க மிதியோட பலத்தைப் பெருக்குற டப்பா. முதல்ல எஞ்சினை அணைச்சிட்டு பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க, இறுகிடும். காலை எடுக்காம அழுத்திப் பிடிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பூஸ்டர் வேலை செஞ்சா பெடல் லேசா கீழே இறங்குறது காலுக்கே தெரியும். இறங்கலைன்னா, முதல் சந்தேகம் பூஸ்டர் மேல இல்ல, அதுக்குப் போற தடித்த வேக்குவம் ஹோஸ் மேல. வளைவுகள்ல தடவிப் பாருங்க, வெடிப்பு இருக்கலாம். என் பழைய வண்டியில பூஸ்டரையே மாத்தியும் சரியாகல. கடைசில பார்த்தா, ஹோஸ் சூடானதும் இளகி உள்பக்கமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு! வெளியே பார்க்க புதுசு மாதிரிதான்.

ஹோஸ் பூஸ்டர்ல சேர்ற இடத்துல செக் வால்வு, அதாவது காத்தை ஒரே பக்கமா விடுற அடைப்பான், இருக்கும். கழற்றி வாயால ஊதுங்க. பூஸ்டர் பக்கமிருந்து ஊதினா காத்து போகணும், எஞ்சின் பக்கமிருந்து போகக்கூடாது. பெட்ரோல் வண்டின்னா ஹோஸ்ல வேக்குவம் கேஜ் போட்டுப் பாருங்க. ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம ஓடும்போது) பாதரச அளவுல 18 அங்குலத்துக்குப் பக்கமா காட்டணும். இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் பூஸ்டருக்குச் செலவு பண்ணுங்க.

கேள்வி: என்னோடது டீசல். அதே சோதனைதானா?

பதில்: அதேதான். ஆனா டீசல்ல வேக்குவத்துக்குத் தனி பம்ப் உண்டு, அதையும் பாருங்க. சில வண்டிகள்ல அது ஆல்டர்னேட்டர் முதுகுலயே இருக்கும்.

கேள்வி: மிதிச்சா 'உஸ்'ஸுனு சத்தம் வருது, ஐடிலும் தடுமாறுது.

பதில்: மிதிக்கிற கணத்துல சின்னதா வந்தா பரவாயில்ல. அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும் வந்தா பூஸ்டருக்குள்ள இருக்கிற டயாப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் புது பூஸ்டர்.

கேள்வி: எனக்குக் கல்லு இல்லை, பஞ்சு. சிக்னல்ல நிக்கும்போது பெடல் மெல்ல உள்ளே போகுது.

பதில்: அது பூஸ்டர் சமாசாரமே இல்ல. பஞ்சு மாதிரி இருந்தா பிரேக் ஆயில் லைன்ல காத்து, பிளீட் பண்ணணும், அதாவது அந்தக் காத்தை வெளியேத்தணும். அழுத்திப் பிடிக்கப் பிடிக்க இறங்கினா, வெளியே ஒழுகலும் இல்லைன்னா, மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுற பாகம்) சீல் போயிருக்கும். அந்த வண்டியை இன்னிக்கு ஓட்டாதீங்க.

கேள்வி: இறக்கத்துல எஞ்சினை அணைச்சிட்டு உருட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. மிச்சமிருக்கிற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும்.

கேள்வி: பிரேக் ஆயில் குறையுது, சக்கரத்துல ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. எங்கே போகுது?

பதில்: மாஸ்டர் சிலிண்டரோட பின் சீல் வழியா பூஸ்டருக்குள்ள போகலாம். பிடிச்சிருக்கிற நட்டுகளைக் கழற்றி, பைப் வளையாம மாஸ்டரை லேசா முன்னே இழுத்து, பின்பக்கம் ஒரு துணியை விட்டுப் பாருங்க. நனைஞ்சா அதேதான். சைலன்சர்ல வெள்ளைப் புகையும் வந்தா எஞ்சினே அந்த ஆயிலை உறிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ மாஸ்டரோட பூஸ்டரையும் சேர்த்து மாத்திடுங்க.