டபிள்யூ, ஆர் இரண்டும் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் எவை? பொருளோடு பட்டியல் கிடைக்குமா?

கேட்டவர் வங்கித் தேர்வுக்கோ வேறு ஏதாவது போட்டித் தேர்வுக்கோ படிக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலை வெட்டி இல்லாதவர் யாரும் இந்த இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்க மாட்டார்கள். வெறும் பட்டியல்தான் வேண்டுமென்றால் எந்த ஆங்கில அகராதியிலும் டபிள்யூ பகுதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் போதும். அதை இங்கே பார்த்து எழுதிப் போடுவதில் உங்களுக்கும் லாபமில்லை, எனக்கும் இல்லை. இந்தச் சொற்களில் டபிள்யூ எழுத்தில் மட்டும்தான் இருக்கும், வாயில் ஒலிக்காது. இவற்றில் நிறைய ஒரே குடும்பம். அது தெரிந்துவிட்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும்.

முறுக்குவது, திருகுவது, வளைவது. இதுதான் அந்தக் குடும்பம். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது ரிங். திரும்புகிற மூட்டு என்பதால் மணிக்கட்டு ரிஸ்ட். நட்டைத் திருகும் கருவி ரெஞ்ச், நம்ம ஊர் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் என்போம். தோலிலோ துணியிலோ விழும் சுருக்கம் ரிங்கிள், புழுப்போல நெளிவது ரிகிள், வலியில் துடித்து நெளிவது ரைத், கொடியை வளைத்துக் கட்டும் மலர்வளையம் ரீத், ஆளை ஆள் பிடித்துத் திருகிச் சாய்க்கும் மல்யுத்தம் ரெஸ்லிங். தவறு என்று நாம் சொல்லும் ராங் கூட ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் கோணல் என்ற பொருளில் இருந்ததுதான். அதற்கு நேர்மாறான, சரி என்று நாம் சொல்லும் ரைட்டுக்கு நேராக இருப்பது என்று பொருள், அதில் டபிள்யூ கிடையாது.

இரண்டாவதாக ஒரு சின்னக் குடும்பம் உண்டு, அது துரத்துவது. கரையில் அடித்துத் தள்ளப்பட்ட கப்பல் ரெக். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் ரெச், இன்று அதற்குப் பரிதாபத்துக்குரியவன் என்று பொருள். பழி தீர்ப்பது, நாசம் விளைவிப்பது ரீக். எழுதுவது என்ற ரைட்டுக்கு முதலில் கீறுவது என்று பொருள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் எல்லோரும் படித்த ரைட் சகோதரர்களின் பெயர் மட்டும் தனி. அது வேலை என்ற சொல்லோடு உறவுள்ளது, கைவினைஞன் என்று பொருள். 1903-இல் விமானத்தைச் செய்து பறக்கவிட்டவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். நாடகாசிரியரைக் குறிக்கும் பிளேரைட்டின் கடைசியிலும் இந்த ரைட்தான் வரும், எழுதுகிற ரைட் வராது. தேர்வில் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. யாராவது வந்து 'நீ யார் இதைச் சொல்ல' என்று கேட்பீர்கள் என்று தெரியும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் சொற்பிறப்பு அகராதிகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். நான் பாரிமுனைப் பக்கம் அச்சகங்களில் ப்ரூஃப் பார்த்துப் பிழைத்தவன். இந்த டபிள்யூ விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

தீபாவளி சமயம் ஒரு பேன்ஸி ஸ்டோருக்கு போஸ்டர் அடிக்க வந்தது. பரிசுப் பொருளை இலவசமாகத் தாள் சுற்றித் தருகிறோம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். 'கிஃப்ட் ராப்பிங்' என்பதில் முதல் எழுத்து டபிள்யூவைக் காணோம். அது இல்லாமல் போனால் ராப் என்பதற்குத் தட்டுவது, அல்லது ராப் என்கிற அந்த வேகமான பாட்டு என்று பொருளாகிவிடும். டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்த பெண் 'அண்ணா, கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடலையே' என்றாள். போடாதுதான், அதுவும் அகராதியில் இருக்கும் சொல்தானே. அச்சடிக்கும் பிளேட் போட்டாகிவிட்டது, முதலாளி 'பார்ட்டி கையெழுத்துப் போட்டுட்டான், நமக்கென்ன, ஓட்டச் சொல்லுங்க' என்கிறார். ஓட்ட விடமாட்டேன் என்று மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டேன். கடைக்கு நானே போன் போட்டுச் சொல்லி, சரி மாற்றிக்கொடுங்கள் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். புது பிளேட்டுக்கு ஆன காசை அந்த மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

ஒலிக்காத எழுத்து எதற்கு, தூக்கி எறியுங்கள் என்பவர்களுக்கு என் பதில் அந்த போஸ்டர்தான். ஒரு காலத்தில் அந்த டபிள்யூ வாயிலும் இருந்தது. டச்சுக்காரர்கள் இன்றும் பிழிவதற்கான தங்கள் சொல்லை வ்ரிங்கன் என்று வகரம் கேட்கும்படிதான் சொல்கிறார்கள். காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தார். அச்சில் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது, அந்த ஓசையோ 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலான ஆங்கிலப் பேச்சிலிருந்து போய்விட்டது. காதுக்கு அது செத்துப்போனாலும் கண்ணுக்கு இன்னும் வேலை செய்கிறது. பிழிவது ரிங், மோதிரமும் ரிங். பறிப்பது ரெஸ்ட், ஓய்வும் ரெஸ்ட். எழுதினான் ரோட், உருப்போடுவதும் ரோட். தமிழில் எழுதினால் இப்படி ஒன்றாகத்தான் தெரியும், ஆங்கிலத்தில் அந்த ஒரு எழுத்துதான் பிரித்துக் காட்டுகிறது. இதைச் சொன்னதற்காக என்னை ஆங்கில மோகி என்று யாரும் திட்ட வேண்டாம், தமிழுக்கும் அதே மாதிரி மல்லுக்கட்டியவன்தான் நான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை என்பதில் க் கிடையாது. ஆண்டர்சன் தெருவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் 'பத்திரிக்கை' என்றுதான் அச்சாகிறது, திருத்தினால் 'எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க' என்கிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விட்டால் மதிப்பெண் போச்சு என்று பதறும் அதே வீட்டில், சொந்தக் கல்யாணத்துத் தமிழை யாரும் ஒரு தரம் படித்துப் பார்ப்பதில்லை. வாட்ஸப்பில் பிடிஎஃப் வருகிறது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று திரும்பப் போகிறது, ப்ரூஃப் முடிந்தது. ப்ரூஃப் பார்க்கத் தனியாக ஆள் வைக்கும் அச்சகம் எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. பிழை வந்த பிறகு டிடிபி பார்த்த பெண்ணைத்தான் திட்டுகிறார்கள், இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோணல் சிரிப்பில் வரும் ரை இந்த முறுக்குக் குடும்பம்தான், அதன் முன்னால் ஏ சேர்ந்தால் திட்டம் கோணிப்போவதைக் குறிக்கும் சொல் வரும். நேர்முகத் தேர்வில் அதை 'ஆவ்ரி' என்று வாசிக்கிறவர்கள் அதிகம். அங்கேயும் டபிள்யூ ஒலிக்காது, அ-ரை என்று பிரித்து, ரையில் அழுத்திச் சொல்லுங்கள்.