மலையும் உலகமும் ஒன்றாகிவிடாமல் இருக்க

கேள்வி: எஸ்பெராண்டோ மொழியில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் போதும் என்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அதன் ஒலிப்பு எளிதில் கைவருமா? தலையில் குறியிட்ட எழுத்துகளைக் கணினியில் எப்படித் தட்டச்சு செய்வது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: எளிதில் கைவரும், ஆனால் நம்முடைய வாய்ப்பழக்கமே ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

எஸ்பெராண்டோ, பல நாட்டாரும் பொதுவாகப் பேசுவதற்கென லூத்விக் சாமென்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் தாமே உருவாக்கி, 1887ஆம் ஆண்டு வார்சாவில் (இன்றைய போலந்தின் தலைநகர்) வெளியிட்ட மொழி. இம்மொழிக்கு ரோமன் எழுத்துகளை ஒட்டிய 28 எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான், அது சொல்லில் எங்கே நின்றாலும் மாறாது. தமிழிலோ வல்லின எழுத்தின் ஒலி அதன் இடத்தைப் பொறுத்தது. 'தலை' என்னும்போது வல்லொலியாக வரும் தகரம், 'பந்து' என்னும்போது நகர மெய்யை அடுத்து வருவதால் மெலிந்துவிடுகிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கு தானாகவே செய்துவிடும். அங்கேதான் சிக்கல். எஸ்பெராண்டோவில் 'மோந்தோ' என்று நாம் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு உள்ளன: 'தலை'யின் தகர ஒலியோடு சொன்னால் மலை, 'பந்து'வின் தகர ஒலியோடு சொன்னால் உலகம். மலையைக் குறிப்பிட நினைத்துத் தமிழ்ப் பழக்கத்தில் சொன்னால், கேட்பவர் உலகம் என்றே எடுத்துக்கொள்வார். ஏரியையும் அரக்கு மெருகையும் குறிக்கும் இரு சொற்களையும் அவ்வாறே 'லாகோ' என்றுதான் நம்மால் எழுத முடியும். எனவே ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறித்தே ஆக வேண்டுமென்றால், மலையை 'மோன்த்தோ' என்று ஒற்றிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒற்று வந்ததும் நாக்கு தானாக வல்லொலிக்குத் திரும்பும்.

உயிரொலிகள் ஐந்துதான். 'கல்', 'கால்' போலக் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவதில்லை. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும்: குடும்பத்தைக் குறிக்கும் 'ஃபமிலியோ' என்ற சொல்லை ஃப-மி-லி-யோ என்று பிரித்தால் 'லி' ஓங்கி ஒலிக்க வேண்டும். முதல் அசையை ஓங்கிச் சொல்லிப் பழகியவர்கள் இதற்குச் சில நாள் வாய்விட்டுப் படிப்பது நல்லது.

குறியிட்ட எழுத்துகள் ஆறு. ஐந்தின்மேல் கூரை போன்ற குறியும், ஆறாவதான அரை உகரத்தின்மேல் (வகரத்தை நெருங்கிக் குறுகி ஒலிக்கும் 'யு' எழுத்து) கிண்ணம் போன்ற வளைவும் இருக்கும். 'அச்சம்' என்பதில் வரும் சகரம், ஜகரம், ஷகரம் ஆகிய மூன்றும் நமக்குப் பழகியவை. 'டெலிவிஷன்' என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் கேட்கும் ஒலி நான்காவது. தொண்டையை உராய்ந்து வரும் ஐந்தாவது ஒலி அரிது. பல சொற்களில் அதன் இடத்தைக் ககரம் பிடித்துக்கொண்டது. குறியில்லாத 'சி' எழுத்தைச் சகரமாகவோ ககரமாகவோ வாசித்துவிட வேண்டாம்; அது 'பீட்ஸா'வின் நடுவில் வரும் 'ட்ஸ்'.

தட்டச்சுக்கு, குறியிட முடியாத இடங்களில் எழுத்தை அடுத்து 'எச்' சேர்க்கலாம் என்று சாமென்ஹாஃபே வழிசொன்னார். ஆனால் அரை உகரத்துக்கு எதையும் சேர்க்காமல் வெறும் 'யு' போதும் என்றார். 'எச்' அம்மொழியில் தனி எழுத்தாகவும் இருப்பதால் சில கூட்டுச்சொற்களில் மயக்கம் வரும். கணினியில் பலர் அதற்குப் பதிலாக 'எக்ஸ்' இடுகிறார்கள். அந்த எழுத்து எஸ்பெராண்டோ நெடுங்கணக்கிலேயே இல்லை என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. தொடங்குவதற்கு இந்த முறையே வசதி.