சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த நோய்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சிறுநீர் அறிக்கையின் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுந்த பயத்தைப் பற்றியவை. அந்த வரியை எதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதையே கீழே விளக்க முயல்கிறேன்.

அறிக்கையில் இரத்தம் “மூன்று பிளஸ்” என்று இருக்கிறது; செங்குழியம் “இல்லை” என்றும் இருக்கிறது. ஆய்வுகூடம் பிழை விட்டுவிட்டதா? (வெள்ளவத்தை)

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். ஸ்ட்ரிப் எனப்படும் சோதனைப் பட்டி செங்குழியத்தைக் காண்பதில்லை. ஹீம் என்ற இரும்புச் சேர்வையின் தாக்கத்தால்தான் அதன் நிறம் மாறுகிறது. ஆகவே முழுச் செங்குழியம் வந்தாலும், அது உடைந்து வெளியேறிய ஈமோகுளோபின் வந்தாலும், தசை சிதைந்து வரும் மயோகுளோபின் வந்தாலும் பட்டி ஒரே நிறத்தைத்தான் காட்டும்.

சிறுநீர் நிரப்பிய சோதனைக் குழாயை மையநீக்கியில் வைத்துச் சுழற்றினால் விடயம் தெளிவாகும். செங்குழியங்கள் இருந்தால் அவை அடியில் சிவப்பாகப் படிய, மேல்நீர் தெளிந்துவிடும். மேல்நீர் சிவந்தே நின்றால், அதே வேளையில் எடுத்த குருதியையும் பார்க்க வேண்டும்: அதன் திரவவிழையம் (கலங்கள் நீங்கிய திரவப் பகுதி) இளஞ்சிவப்பாக இருந்தால் குருதிக்குழாய்க்குள்ளேயே செங்குழியங்கள் உடைகின்றன என்றும், வழமையான நிறத்தில் இருந்தால் தசையைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் பொருள்.

செங்குழியம் அவ்வாறு உடைவதற்கு செங்குழியத்தைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதியத்தின் குறைபாடு ஒரு காரணம். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டபோதும், வெளிநாட்டிலிருந்து அந்நோயோடு திரும்புவோருக்குப் பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து இன்னமும் தேவைப்படுகிறது. இக்குறைபாடு உள்ளவர்களில் அந்த மருந்தும், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையும், அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டையும் செங்குழியங்களைச் சிதைக்கக்கூடும். அண்மையில் உட்கொண்ட மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாதிரி பல மணித்தியாலம் வெளியில் கிடந்திருந்தால், வந்த செங்குழியங்கள் போத்தலிலேயே கரைந்திருக்கவும் இடமுண்டு. ஆகையால் மறுபரிசோதனைக்குப் புதிதாகக் கழித்த சிறுநீரை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒப்படையுங்கள். அதிகளவு விற்றமின் சி உட்கொள்பவராயின் அதையும் குறிப்பிடுங்கள். அது பட்டியை ஏமாற்றி, இருக்கும் இரத்தத்தை இல்லை எனக் காட்டச் செய்யும்.

காலையில் மட்டும் சிறுநீர் பிளேன்ரீ போலக் கறுத்துப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் இரத்தச்சோகை தீரவில்லை. (தெஹிவளை)

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் குருதி நோய் நிபுணரைத் தாமதமின்றிக் காண்பது அவசியம். என்புமச்சையின் மூலக்கலமொன்றில் பிற்காலத்தில் ஏற்படும் மரபணு மாற்றத்தால், செங்குழியங்கள் தம் பாதுகாப்புப் புரதங்களை இழந்து உடையும் அரிய நோயொன்று உண்டு. அதில் இரும்பு சிறுநீரோடு நாள்தோறும் வெளியேறுவதால் மாத்திரையால் ஈடுசெய்ய முடியாமல் போகலாம். சிறுநீர்ப் படிவை பிரஷ்யன் நீலச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சிறுநீரகக் கலங்களுக்குள் இரும்பு நீலத் துணிக்கைகளாகத் தெரியும். சிறுநீர் தெளிவாக இருக்கும் நாளிலும் இதைக் காணலாம். எனினும் நோயை உறுதிசெய்வது கலங்களின் மேற்பரப்புப் புரதங்களைக் கண்டறியும் ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற குருதிப் பரிசோதனையே.

அப்பாவுக்கு முதுகுவலியும் இரத்தச்சோகையும். மயலோமா (என்புமச்சையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) என்று சந்தேகித்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிறுநீரில் “புரதம் இல்லை” என்று வந்த பிறகும் 24 மணித்தியாலச் சிறுநீர் ஏன் கேட்கிறார்கள்? (கொட்டாஞ்சேனை)

சோதனைப் பட்டி முக்கியமாக அல்புமின் என்ற புரதத்தை மட்டுமே கண்டுபிடிக்கும். மயலோமாவில் வெளியேறுவதோ பிறபொருளெதிரியின் (நோயை எதிர்க்கும் புரதத்தின்) சிறு துண்டுகளான இலேசுச் சங்கிலிகள். அவை எவ்வளவு கழிந்தாலும் பட்டி அவற்றைத் தவறவிட்டுவிடக்கூடும். 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வைத்தியர் ஆராய்ந்த புரதம் இதுவே. சிறுநீரை 40 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது திரண்டு, கொதிநிலையை நெருங்கும்போது கரைந்து, ஆறும்போது மீண்டும் திரளும் அதன் இயல்பு வைத்தியர்களை வியக்க வைத்தது. இன்று மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸ் முறை மூலம் அதைப் பிரித்து அளக்கிறோம்.

சேகரிப்பில் கவனம் வேண்டும். முதல் நாள் காலை எழுந்தவுடன் கழிப்பதை ஊற்றிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன்பின் மறுநாள் அதே நேரம் கழிப்பது உட்பட ஒரு துளியும் விடாமல் போத்தலில் சேர்த்து, குளிர்ச்சியாக வைத்திருங்கள். ஒரு தடவை தவறினாலும் மொத்த அளவு பொய்யாகிவிடும். மறைக்காமல் மறுநாள் தொடங்குவதே நல்லது.

பீட்ரூட் கறி சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கிறது. (பம்பலப்பிட்டி)

தீங்கில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களில் இது கூடுதலாகக் காணப்படுவதால், பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் குருதிப் புரதம்) அளவை ஒரு தடவை பார்ப்பது பொருத்தம்.

தலசீமியா உள்ள மகளுக்கு, உடலில் தேங்கிய இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தைத் தொடங்கியதும் சிறுநீர் செம்பழுப்பாகியது. (மட்டக்குளி)

மருந்தோடு பிணைந்த இரும்பு வெளியேறும் நிறம் அது. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் மருந்தை உடனே நிறுத்தி, அன்றே வெண்குழிய எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அதில் அலட்சியம் கூடாது.

ஹீமோபீலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ள மகனின் சிறுநீரில் இரத்தம். வீட்டில் இருக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரையைக் கொடுக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

கொடுக்கவே கூடாது. பற்களிலிருந்து வடியும் இரத்தத்துக்கு உதவும் அதே மாத்திரை, சிறுநீர்க்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பதற்குக் காரணமாகலாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்து ஓய்வில் வையுங்கள். அஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைத் தவிருங்கள். வழமையாகச் செல்லும் வைத்தியப் பிரிவுக்கு அன்றே தெரிவியுங்கள். விலாப்பக்கம் வலித்தாலோ, இரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் போவது தடைப்பட்டாலோ, 48 மணித்தியாலத்துக்குள் நிறம் தெளியாவிட்டாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரத்தம் உறைய உதவும் உறைகாரணியை ஏற்ற வேண்டியிருக்கும்.