மீன் தொட்டிக்குள் ஒரு கடல் முகப்பு

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "கடல் முகப்புக்குப் பக்கத்தில் அக அலைகள் எப்படி நடந்துகொள்ளும் என்று பள்ளிக் கண்காட்சியில் காட்டணும். பாட்டிலில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி ஆட்டினால் அலை தெரிகிறது, ஆனால் முகப்பு வரவில்லையே?"

எண்ணெயை விடுங்கள் டீச்சர். மேல்பரப்பில் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே ஆடுவதுதான் அக அலை. உப்போ வெப்பமோ வேறுபட்ட இரண்டு கடல்நீர் பக்கம் பக்கமாக நிற்கிற எல்லைதான் முகப்பு, அதற்கு உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் போதும்.

60 செ.மீ. நீள மீன் தொட்டி, நடுவில் அதன் அகலத்துக்கு வெட்டிய அக்ரிலிக் தகடு, ஓரமெல்லாம் வாசலின். ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் லிட்டருக்கு 30 கிராம் உப்பும் கொஞ்சம் கேசரிப் பவுடரும் கலந்தது, இரண்டும் 20 செ.மீ. உயரத்துக்கு. முதல் நாள் இரவே வாளிகளில் பிடித்து வையுங்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் காலையில் சில்லென்று வரும், அதை அப்படியே ஊற்றினால் கண்ணாடி முழுக்கக் குமிழ் ஒட்டிக்கொள்ளும்.

தகட்டை நேராக மேலே உருவுங்கள். ஆரஞ்சுத் தண்ணீர் அடியில் நொடிக்குச் சுமார் 10 செ.மீ. வேகத்தில் ஓடி, சுவரில் மோதித் திரும்பும். அப்புறம் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு மட்டும் ஒரு ஆட்டத்துக்கு 12 நொடி கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும், அதுதான் அக அலை. உள்ளே 3 செ.மீ. ஏறி இறங்கினாலும் மேல்பரப்பு ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது, பிள்ளைகளை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, தொட்டியில் முகப்பு சரிந்துவிடுகிறதே? கடலில் பூமியின் சுழற்சியும் முகப்பை ஒட்டி ஓடும் நீரோட்டமும் சேர்ந்து அதைச் சாய்வாகவே பல நாள் நிறுத்தி வைக்கின்றன. புயல் கிளப்பும் அக அலைகளில் பலவற்றின் அலைவு நேரம், அதாவது ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம், அட்சரேகையைப் பொறுத்தது. சேலத்துக்கு நேர் கிழக்கே வங்கக் கடலில் அது ஏறக்குறைய 59 மணி நேரம். முகப்பின் ஒரு பக்கம் நீரோட்டம் கடிகாரச் சுற்றில் திரும்பும், அங்கே அலை அதைவிடவும் மெதுவாக ஆட முடியும், ஆனால் அப்படி ஆடுகிற அலைக்கு வெளியே இடமில்லாததால் உள்ளேயே சிக்கி, கீழே இறங்கி, உடைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். எதிர்ப் பக்கத்திலோ வெளியிலிருந்து வரும் அலை நுழைய முடியாமல் திரும்பிப்போகும்.

இதைச் சுழலும் மேடை இல்லாமல் காட்ட முடியாது. சார்ட்டில் வரையுங்கள், தொட்டியிலேயே தெரிகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு தடவைக்கும் புதுத் தண்ணீரும் அரை கிலோவுக்கு மேல் உப்பும் வேண்டும், அதனால் மணிக்கு ஒரு முறை என்று எழுதி வைத்துவிடுங்கள். மீந்த உப்புத் தண்ணீரைக் காபிச் செடிப் பக்கம் கொட்ட விடாதீர்கள்.