பூட்டிக் கிடக்கும் கிராமத்துக் கடை மலர்ச்சாலையாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்துக் கிராமங்களில் மூடப்பட்ட கடைகளை மலர்ச்சாலையாக (இறந்தவரின் உடலை வைத்துப் பேணி, இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்யும் ஈமச்சேவை நிலையமாக) மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். சட்டம் சார்ந்த பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

எங்கள் கடை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மலர்ச்சாலை நடத்த ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார். கடையும் அண்டர்டேக்கரும் (ஈமச்சேவை நடத்துபவரும்) ஒரே வகுப்பு, பிளானிங் (கவுன்சிலின் திட்ட அனுமதி) தேவையில்லை என்கிறார். உண்மையா? (லிங்கன்ஷயர் வாசகர்)

பாதி உண்மை. கட்டடங்களின் பயன்பாட்டைத் திட்டச் சட்டம் வகுப்புகளாகப் பிரிக்கிறது. பழைய ஏ1 வகுப்பில் கடையும் ஈமச்சேவை நிலையமும் ஒன்றாகத்தான் இருந்தன. 2020 செப்டம்பர் 1-இல் ஏ1 ஒழிந்து, அந்தப் பயன்பாடுகள் ஈ வகுப்புக்குள் வந்தன. ஈ வகுப்புக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற அனுமதி வேண்டாம். அவர் சொல்வது இந்த இடம் வரை சரி.

சிக்கல் எஃப்2 என்ற இன்னொரு வகுப்பில். 280 சதுர மீட்டருக்கு மேற்படாமல், உணவு உட்பட அத்தியாவசியப் பொருட்களையே முக்கியமாக விற்று, சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள் அதுபோல் வேறு கடை இல்லாதிருந்தால் அந்தக் கடை எஃப்2-இல் விழும். கிராமத்தின் ஒரே கடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எஃப்2-இலிருந்து ஈ-க்குப் போக முழு விண்ணப்பம் தேவை. கிராமத்தின் கடைசிக் கடையைக் காக்கும் கொள்கை உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் இருந்தால், கடையாகவே விற்கவோ வாடகைக்கு விடவோ முயன்றதற்கு ஆதாரம் கேட்பார்கள். விளம்பரம் போட்ட நாள், கேட்ட விலை, வந்து பார்த்தவர்கள் எல்லாவற்றையும் இன்றே கோப்பில் போடத் தொடங்குங்கள்.

உங்கள் கடை எந்த வகுப்பு என்பதில் ஐயம் இருந்தால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். 'லோஃபுல் டெவலப்மென்ட் சேர்ட்டிஃபிகேட்' (அந்தப் பயன்பாடு சட்டப்படியானது என்று கவுன்சில் தரும் சான்றிதழ்) கேட்டு விண்ணப்பியுங்கள். இனிமேல் தொடங்கப்போகும் பயன்பாட்டுக்குக் கேட்டால் வழக்கமான பிளானிங் கட்டணத்தில் பாதிதான். எட்டு வாரத்தில் முடிவு வர வேண்டும். பின்னாளில் விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

வகுப்பு ஒத்துவந்தாலும் கடைமுகப்பை மாற்ற, புதுக் கதவு உடைக்க, குளிரூட்டியின் வெளி அலகைச் சுவரில் மாட்ட, ஒளிரும் பெயர்ப்பலகை வைக்கத் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். அந்தக் கடையைக் கிராம மக்கள் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிந்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பதிந்திருந்தால், நீங்கள் விற்க நினைக்கும்போது 6 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊர்க்குழு ஒன்று வாங்கப் போட்டியிட விரும்பினால் அது 6 மாதமாகும்.

வீடுகளிலிருந்து 200 யார் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எதிர்க்கிறார். (கென்ட் வாசகர்)

அது தகனசாலைக்கான விதி. 1902-ஆம் ஆண்டுத் தகனச் சட்டம், வீட்டு உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர் ஆகியோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வீட்டிலிருந்து 200 யாருக்குள் தகனசாலை கட்டக்கூடாது, பொதுச்சாலையிலிருந்து 50 யாருக்குள் கட்டவே கூடாது என்கிறது. மலர்ச்சாலையில் எதுவும் எரிவதில்லை. அந்தத் தூரம் இங்கே செல்லாது. ஆனால் அவருடைய மாடி யன்னல் உங்கள் பின்முற்றத்தைப் பார்த்தபடி இருந்தால் அவருடைய கவலையில் நியாயம் உண்டு. வண்டியிலிருந்து கதவு வரைக்கும் கூரையும் பக்கத் தடுப்பும் போட்டுக் கொடுங்கள். எதிர்ப்புக் கடிதங்களில் பாதி அதோடு நின்றுவிடும்.

கடை 6 மீட்டர் அகலம், 11 மீட்டர் ஆழம். முன்னால் வரவேற்பு, பின்னால் குளிர் அறை என்று பிரித்தால் போதுமா?

முன்பக்கத்தைக் கடைசியில் யோசியுங்கள். இந்தக் கட்டடம் ஆகுமா ஆகாதா என்பதைப் பின் கதவும், அதிலிருந்து குளிர் அறைக்குப் போகும் வழியும், தரையும், சாக்கடையும்தான் தீர்மானிக்கின்றன. வரவேற்பறை இரண்டு நாற்காலி, ஒரு மேசை. அதை எங்கும் வைக்கலாம்.

வழக்கமாக எல்லோரும் தவறுவது மூலையில். தள்ளுவண்டியில் 2.1 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டி ஒன்று சம அகலமான நடைபாதையில் செங்கோணமாகத் திரும்ப, கணக்குப்படி 1.27 மீட்டர் அகலம் வேண்டும். பிடித்துத் தள்ளுபவரின் கை, பெட்டியின் கைபிடி, சுவரின் அடிப்பலகை எல்லாம் அதற்கு மேல். எனவே 1.2 மீட்டர் நடைபாதை வரைபடத்தில் தாராளமாகத் தெரியும். பெட்டி மூலையில் சிக்கி நிற்கும். 1.5 மீட்டர் விடுங்கள். சுவர் எழுப்புமுன் அதே அளவில் அட்டை ஒன்றை வெட்டி, மளிகைத் தள்ளுவண்டியில் கட்டி, பின் கதவிலிருந்து உள்ளே தள்ளிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சோக்கட்டியால் கோடு போடுங்கள். கட்டடக் கலைஞரின் படத்தைவிட அந்தக் கோடு நம்பகமானது.

பின் கதவு 90 + 30 சென்டிமீட்டர் என்று ஒன்றரைக் கதவாக இருக்கட்டும். சாதாரண நாளில் பெரிய பாதியைத் திறந்தால் போதும். வாசற்படித் தடுப்பு 15 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. முன் வாசலில் 15 சென்டிமீட்டர் படி ஒன்று இருந்தால் 12-க்கு 1 சரிவில் 1.8 மீட்டர் நீளச் சரிவுப்பாதை வேண்டும். வெளியே தெருவோர நடைபாதை கவுன்சில் நிலம் என்பதால் வெளியே நீட்ட முடியாது. கதவை உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும்.

தரை: மூன்றடுக்குக் குளிர் அலகு உடல்களோடு சேர்ந்து 700 கிலோ வரை வரும். அது நிற்பது ஏறக்குறைய 2 சதுர மீட்டரில். அதாவது சதுர மீட்டருக்கு 350 கிலோ. பழைய கடையின் பின் அறை பெரும்பாலும் வீட்டுச் சமையலறையாக இருந்தது. மரச்சட்டத் தரையாக இருந்தால் வீட்டுச் சுமைக்கு, சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குத்தான், போட்டிருப்பார்கள். கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்க வைத்த பிறகே அலகுக்குச் சொல்லுங்கள். 2000-க்கு முந்திய கட்டடத்தில் எதையும் உடைக்குமுன் அஸ்பெஸ்டஸ் ஆய்வும் கட்டாயம்; பழைய தரை ஓட்டின் கறுப்புப் பசையிலும் அது இருக்கலாம்.

கடையில் பியர், குளிர்பானம் வைத்த நடை-குளிர் அறை நல்ல நிலையில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? எத்தனை இடம் தேவை?

அறைக்கூடு உதவலாம். பால், தயிர் வைக்கும் திறந்த அலமாரிக் குளிர்பெட்டி உதவவே உதவாது. கூட்டில் மூன்றைப் பாருங்கள்: கதவின் தெளிவான அகலம் குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, உள்ளிருந்து திறக்கும் பிடி வேலை செய்கிறதா, தரை தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடியதா? பழைய பலகைகளின் இணைப்புகளில் நீர் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் நுரை ஊறி, குளிரும் நிற்காது, வாடையும் போகாது.

இயந்திரத்தின் பெயர்த்தட்டில் ஆர்22 என்றிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பழைய குளிரூட்டி வாயுவை நிரப்பிப் பழுதுபார்ப்பது 2015 ஜனவரி 1 முதல் தடை. ஒரு கசிவு வந்தால் கதை முடிந்தது.

வெப்பநிலையை 4 பாகை செல்சியஸ் ஒட்டி வையுங்கள். தனி மின்சுற்று, மின்சாரம் போனாலும் இயங்கும் மின்கல எச்சரிக்கை, கைபேசிக்குச் செய்தி இவை மூன்றும் ஆடம்பரமல்ல. இயந்திரம் தலையிலேயே பொருந்திய அலகை, காற்றோட்டமில்லாத சின்ன அறையில் வைத்தால் அது கக்கும் சூட்டை அதுவே இழுத்து, கோடை வார இறுதியில் அழுத்தம் ஏறி நின்றுவிடும். வெளி அலகு வைத்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை யன்னலுக்கு இரவில் கேட்கும் சத்தத்தை பிஎஸ் 4142 முறைப்படி அளந்து தரச் சொல்லிக் கவுன்சில் கேட்கலாம்.

எத்தனை இடம் என்பது எளிய பெருக்கல். ஆண்டுக்கு 80 சடங்கு, ஒவ்வொரு உடலும் சராசரி 18 நாள் என்றால் 80 × 18 ÷ 365 = ஏறக்குறைய 4. அது சராசரி. கிறிஸ்மஸ் விடுமுறையோடு சேரும் குளிர்காலத்துக்கு 6 வேண்டும். அதில் ஒன்று அகலமானதாக இருக்கட்டும்.

எம்பாம் செய்யும் (உடல் கெடாமல் மருந்து ஏற்றும்) அறையும் அங்கேயே வைக்க நினைக்கிறோம். கிராமத்தில் மெயின் சாக்கடை இல்லை, செப்டிக் டாங்க்தான். (நார்ஃபோக் வாசகர்)

வேண்டாம். இவ்வளவு நேராகச் சொல்ல இரண்டு காரணம்.

முதலாவது, செப்டிக் டாங்க் உயிரோடு இருப்பதே அதற்குள் இருக்கும் பாக்டீரியாவால். எம்பாம் மருந்தில் உள்ள ஃபோர்மல்டிஹைட் அவற்றைக் கொல்வதற்கென்றே இருக்கும் பொருள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கசடு செரியாமல் மிதந்து வடிகால் நிலத்தை அடைக்கும். இரண்டாவது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் செப்டிக் டாங்க் வைத்துக்கொள்ள இடம்தரும் பொதுவிதிகள் வீட்டுக் கழிவுநீருக்கு மட்டுமே. மெயின் சாக்கடை உள்ள இடத்திலும், தொழிற்கழிவு என்பதால் நீர் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

குழாய்நீரிலும் பொறி ஒன்று இருக்கிறது. 1999 நீர்ப்பொருத்து விதிகளில் பிரேத மேசைக் கருவிகள் 5-ஆம் வகை ஆபத்து. அதுதான் உச்ச வகை. குழாயில் நேரடியாக ரப்பர்க் குழாய் மாட்டி மேசையைக் கழுவக்கூடாது. ஊர்க்குழாயில் அழுத்தம் விழுந்தால் அந்த நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு அடுத்த வீட்டுத் தேநீர்க் கேத்தலுக்குப் போகும். சாதாரண ஒருவழி வால்வு போதாது. நீர் மேலிருந்து காற்றிடைவெளி வழியாக விழும் இடைத்தொட்டியும், அதிலிருந்து தனிப் பம்பும் வேண்டும். வேலை தொடங்குமுன் நீர் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 10 வேலைநாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள்.

மெயின் சாக்கடை உள்ளவர்கள் செய்வதானால் காற்றோட்டம் இப்படி: 4 × 3 மீட்டர் அறை, 2.5 மீட்டர் உயரம், கொள்ளளவு 30 கன மீட்டர். மணிக்கு 10 தடவை காற்று மாற 300 கன மீட்டர், அதாவது நொடிக்கு 83 லீட்டர் இழுக்க வேண்டும். உள்ளே விடுவதைவிட வெளியே இழுப்பது கூடுதலாக இருந்தால்தான் வாடை வரவேற்பறைப் பக்கம் நகராது. கூரையில் விசிறி வைப்பது பொதுவான பிழை. ஆவி வேலை செய்பவரின் முகத்தைக் கடந்துதான் மேலே போகும். மேசை மட்டத்தில் அல்லது அதற்குக் கீழே இழுங்கள். ஃபோர்மல்டிஹைட்டுக்கு வேலையிட வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 2 பங்கு. இழுவிசிறிச் சாதனத்தை 14 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் சோதிக்க வேண்டும்.

சின்னக் கிளைக்கு நல்ல வழி: எம்பாம் வேலையை வேறிடத்தில் செய்வித்து, இங்கே குளிர்வைப்பும் உடுத்துவதும் பார்வையும் மட்டும் வைத்துக்கொள்வது. எதிர்ப்பக்கமும் உண்டு: இந்தக் கடையையே வேறு கிளைகளின் உடல்கள் வந்து தங்கும் மையமாக்கினால், இது கடைத்தெருச் சேவை அல்ல, வேறு பயன்பாடு என்று கவுன்சில் வாதிட இடமுண்டு.

நம் ஆட்களுக்காக உடலைக் குளிப்பாட்டவும் கிரியை செய்யவும் இடம் ஒதுக்கலாமா?

ஒதுக்குங்கள். பல இடங்களில் கிடைக்காதது அதுதான். ஈர அறையில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நிற்க, நான்கு பக்கமும் 90 சென்டிமீட்டர் விடுங்கள். நல்லெண்ணெயும் அரப்பும் சேர்ந்த தரை சாதாரண வைனிலில் பனிக்கட்டிதான். சொரசொரப்பான பாதுகாப்பு வைனில் விரித்து, ஓரத்தைச் சுவரில் 15 சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டவையுங்கள். வடிகாலில் கழற்றக்கூடிய வலைக்கூடை அவசியம். வாய்க்கரிசியும் பூவிதழும் முதல் தடவையே உள்ளே போகும். அரிசி வளைகுழாயில் கிடந்து ஊதி, மூன்றாம் நாள் நீர் திரும்பும்.

கற்பூரமும் பந்தமும் ஏற்றும் அறையில் புகை உணரி வைத்தால் மந்திரத்துக்கு நடுவே மணி அலறும். அங்கே வெப்ப உணரி பொருந்துமா என்று தீ அபாய மதிப்பீடு செய்பவரிடம் முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். உணரியைத் துணியால் மூடுவது குற்றத்தில் முடியும். 2023 ஒக்டோபர் 1 முதல் எவ்வளவு சிறிய இடமானாலும் அந்த மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் உட்துணி பெரும்பாலும் செயற்கை இழை. தீபத்தை மணல் பரப்பிய உலோகத் தட்டில், பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

பிசினஸ் ரேட் (வணிக இடத்துக்கான வரி) கூடுமா?

கிராமத்தின் ஒரே பலசரக்குக் கடை என்பதால் கிடைத்த கிராமச் சலுகை போய்விடும். ஆனால் மதிப்பீடு 12,000 பவுண்டுக்கு மேற்படாமல், இதுவே வாடகைதாரரின் ஒரே வணிக இடமாக இருந்தால் சிறுதொழில் சலுகையில் முழு விலக்குக் கிடைக்கும். 15,000 வரை படிப்படியாகக் குறையும்.

லைசன்ஸ் எங்கே எடுப்பது?

இங்கிலாந்தில் ஃபியூனரல் டைரக்டருக்கென்று அரசு உரிமம் கிடையாது. அதனால் யாருக்கு வாடகைக்கு விடுகிறீர்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்ஏஎஃப்டி, சைஃப் என்ற இரண்டு ஈமச்சேவைத் தொழில்துறை அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினரா, கடைசியாக இடத்தை ஆய்வு செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 செப்டம்பர் 16 முதல் நிர்ணயித்த வடிவத்தில் விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்தளத்திலும் காட்டுவது கட்டாயம். சுவரில் அதற்கு இடம் விடுங்கள். முன்பணத் திட்டங்கள் விற்பதானால் 2022 யூலை 29 முதல் நிதிநடத்தை ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் முகவராக இருக்க வேண்டும்.

தரை போட்டு எத்தனை நாளில் திறக்கலாம்?

ஒப்பந்தக்காரர் சொல்வதைவிடப் பிந்தித்தான். சிமெந்துப் பூச்சு 50 மில்லிமீட்டர் வரை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாக. ஈரமானி 75 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே காட்டாமல் வைனில் ஒட்டினால் பசை கூழாகி, தள்ளுவண்டிச் சக்கரம் போகும் தடத்திலேயே முதலில் கொப்புளம் எழும். அப்போது குளிர் அலகையும் அதில் இருப்பவர்களையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தரையை உரிக்க முடியும்.